கல்லூரிச் சேர்க்கையும் தவக்குலும்

(மேல்நிலைப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், இஷாத் தொழுகைக்குப் பின் நமது மதரஸா மண்டபத்தில், பெற்றோர்களுக்கும் மாணவ மாணவியருக்கும் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 



நாம் கல்லூரிப் படியேறிப் பயின்றவர் அல்லர். மதரஸாவில் ஓதி, ஸனது பெற்று, அன்று தொட்டு இமாமத்துப் பணியில் இருப்பவர். ஆகவே கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைக் கேட்டபோது, பேராசிரியர் ஒருவரை அழைப்பதே பொருத்தம் என்று கூறினோம். பேராசிரியர் வேறொரு நாள் வருவார், நீங்களும் பேசத்தான் வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாவினால் நிகழ்ந்த பிழை ஒன்றை இதே சபையில் எடுத்துரைக்க வேண்டும் என்பது நெடுநாளாக நம் நெஞ்சில் இருந்த எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு கோடைக் காலத்தில், ஃபஜ்ருத் தொழுகை முடிந்து நாம் எழுந்தபோது ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து, தரவரிசை எண்ணும் வந்துவிட்டது. கணினியில் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதிய வேண்டிய நேரம். "ஹஜ்ரத், கீழே வேறு கல்லூரிகளையும் எழுதி வைத்தால் அதையே கொடுத்து முடித்துவிடுவார்களாம். ஆசைப்பட்ட மூன்றை மட்டும் எழுதிவிட்டு அல்லாஹ்விடம் விட்டுவிடலாமா?" என்று கேட்டார். அந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி அன்று நாம் ஏதும் அறியோம். அறியாத மனிதன் "அறியேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாமோ, "தவக்குல் வையுங்கள், மூன்றே போதும், துஆச் செய்கிறேன்" என்று கூறினோம். துஆவும் செய்தோம்.

அந்த மூன்றும் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றிலும் ஏறத்தாழ அதே பட்டியலையே பதிந்தார்கள்; அதற்குள் அவ்விடங்கள் முன்னமே நிரம்பிவிட்டன. கடைசியில் எஞ்சியிருந்தவை வீட்டாருக்கு மனமில்லாதவை. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடவே இல்லை. அங்கெல்லாம் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஓராண்டு முழுவதும் தன் மாமாவின் கடையில் அமர்ந்திருந்தான். ஜும்ஆவுக்கு வரும்போது நம்மைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டுத் தலை குனிந்து போவான். அவன் தந்தை ஒரு நாளும் நம்மைக் குறை கூறவில்லை. "அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத்" என்றே சொன்னார். அது நம்மை மேலும் வருத்தியது. நம்முடைய அறியாமையை அல்லாஹ்வின் நாட்டத்தின் மீது சுமத்திவிட்டோமோ என்ற அச்சம் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

பெரியோர்களே! ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று கேட்ட தோழருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கூறிய செய்தி திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. இதை நாம் எத்தனை பயான்களில் சொல்லியிருக்கிறோம்! சொன்ன வாயாலேயே அன்று கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டோம்.

ஹிஜ்ரத்துப் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அல்லாஹ்வின் உதவி உறுதியாக இருந்த ஒரு பயணம் உண்டென்றால் அது அதுவேயாகும். ஆயினும் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே இரண்டு ஒட்டகங்களுக்குத் தீனி கொடுத்துத் தயார் செய்து வைத்திருந்தார்கள். மதீனா வடக்கே இருக்க, அவர்கள் முதலில் சென்றதோ தெற்கே உள்ள தவ்ருக் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள். மகனார் அப்துல்லாஹ் இரவில் வந்து மக்கத்துச் செய்திகளைச் சொல்ல ஏற்பாடு. ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டி வந்து பால் கொடுக்க ஏற்பாடு. வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் வழி தெரிந்தவர். வழி தெரிந்தவரிடம் வழி கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அந்தச் சகோதரர் அன்று கேட்க வேண்டியது நம்மிடம் அன்று. அதை நாமாவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

யஅகூப் நபி (அலை) அவர்கள் தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பியபோது, அனைவரும் ஒரே வாயில் வழியாக நுழையாமல் பல வாயில்கள் வழியாக நுழையுமாறு அறிவுறுத்தியதைச் சூரா யூஸுஃபில் ஓதுகிறோம். அதே மூச்சில், அல்லாஹ்வின் தீர்ப்பிலிருந்து எதையும் தம்மால் தடுக்க இயலாது என்றும், அவன் மீதே தாம் பாரத்தைச் சாட்டியிருப்பதாகவும் அவர்கள் கூறினார்கள். கண்ணேறு பற்றிய அச்சத்தால் அவ்வாறு கூறினார்கள் என்று முஃபஸ்ஸிரீன்கள் பலர் விளக்கம் எழுதியுள்ளனர். காரணம் எதுவாயினும், பல வாயில்களைத் தேடுவதும் தவக்குலும் ஒரே நாவிலிருந்து ஒருங்கே வந்திருக்கின்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சரி, அந்த விருப்பப் பட்டியலுக்கு வருவோம். பிழை செய்த பின் நாம் விவரம் அறிந்தவர்களிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். தமிழகத்தில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்டு, மேல்நிலை மதிப்பெண்ணே அடிப்படை ஆயிற்று. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை இடுகிறார்கள். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. கணினி என்ன செய்கிறது? தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. அவருடைய பட்டியலின் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதையே தருகிறது. இல்லையெனில் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று இறங்கி வருகிறது. மேலே உள்ள விருப்பத்தில் இடம் இருக்கும்போது கீழே உள்ளதைத் தூக்கிக் கொடுப்பது இல்லை. முப்பதாவதாக ஒன்றை எழுதியதால் முதலாவதற்குரிய வாய்ப்பு கடுகளவும் குறைவதில்லை. பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. குறைவாக எழுதினால் நட்டம் உண்டு. அதிகமாக எழுதுவதால் நட்டம் இல்லை. இந்த ஒரு செய்தி அன்று நமக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு வீணாகியிராது.

அதே வேளையில் வரிசை மிக முக்கியம். உண்மையான விருப்பம் எதுவோ அதுவே மேலே இருக்க வேண்டும். "இது கிடைக்காது" என்று அஞ்சி, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளிவிட்டு எளிதானதை மேலே எழுதினால், எளிதானதே கிடைக்கும். பின்னர் வருந்திப் பயனில்லை. சென்ற ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இனத்தவருக்கு எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்ற விவரத்தைக் கலந்தாய்வு நடத்துவோரே வெளியிடுகின்றனர். அதில் நம் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒட்டிப் பார்த்து, சற்று எட்டாதவை சிலவற்றையும், எட்டக்கூடியவை பலவற்றையும், ஏறத்தாழ உறுதியாகக் கிடைக்கக்கூடியவை சிலவற்றையும் அதே வரிசையில் எழுத வேண்டும்.

கடைசியாக எழுதும் கல்லூரி, கிடைத்தால் நாம் உண்மையிலேயே சென்று சேரக்கூடியதாக இருக்க வேண்டும். எண்ணிக்கைக்காகப் பெயர் தெரியாத கல்லூரிகளை எழுதிவிட்டு, கிடைத்தபின் "அங்கேயா!" என்று திகைத்தால் அது மாற்று வழி ஆகாது. ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டியிருந்தன. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடந்து, பல கல்லூரிகள் மூடப்பட்டதையும் கண்டோம். ஆகவே இடம் கிடைப்பது அரிதன்று, தகுதியான இடம் கிடைப்பதே அரிது. தந்தையோ அண்ணனோ ஒருமுறை பேருந்தேறி அந்தக் கல்லூரியை நேரில் பார்த்து வருவது சுன்னத்தான மஷூராவின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் செய்ய வேண்டியதையும் பலர் அறிவதில்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டே, மேலே உள்ள விருப்பத்தில் இடம் காலியானால் அதற்கு நகர்த்தும்படியும் கேட்கலாம். இதற்கெனக் குறிக்கப்பட்ட நாட்களுக்குள் உறுதி செய்து, கட்டணமும் செலுத்த வேண்டும். நாள் தவறினால் கிடைத்ததும் போய்விடும். இங்கேதான் நமதூருக்கே உரிய ஒரு சங்கடம் எழுகிறது. பிள்ளையின் தந்தை சபுரில் இருப்பார். விண்ணப்பத்தில் கொடுத்ததோ அவருடைய ஊர் எண். அது அங்கே இயங்காது. அல்லது இணையக் கடைக்காரர் தம்முடைய எண்ணையே கொடுத்து வைத்திருப்பார். கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குப் போகும். கடையோ ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். தாய்மார்களே, விண்ணப்பத்தில் உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்கும் எண்ணையே கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, நகைப் பெட்டியில் வையுங்கள். சிரிக்க வேண்டாம், ஓராண்டுப் படிப்பு நகையை விட மலிவானதன்று.

பொறியியலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உயிரியல் படித்த பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2017 முதல் நம் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடக்கிறது. நீட் எழுதிய பிள்ளை, முடிவு வரும்வரை வேறெதற்கும் விண்ணப்பிக்காமல் காத்திருப்பது பெரும் பிழை. கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகங்கள் மேல்நிலை மதிப்பெண்ணை வைத்துத் தனியே விண்ணப்பம் வாங்குகின்றன. செவிலியம், மருந்தியல் போன்றவற்றிலும் மேல்நிலை மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் வேறு. நீட் முடிவு வந்தபின் தேடத் தொடங்கினால் பாதிக் கதவுகள் அடைத்திருக்கும். "டாக்டர் இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்" என்று சொல்லும் பெற்றோரையும் கண்டிருக்கிறோம். நோயாளிக்கு மருந்து கலந்து கொடுப்பவரும், முறிந்த காலை மீண்டும் நடக்கப் பழக்குபவரும் நன்மைக்குரியவர்கள் அல்லரோ?

கலை அறிவியல் படிப்புகளைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. கட்டணமும் சொற்பம். பொறியியல் கிடைக்கும் என்று நம்பும் பிள்ளையும் இதற்கு விண்ணப்பித்து வைக்கட்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடத்திற்கு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு இருக்கும். வகுப்பறை பக்கத்துப் பக்கத்தில், பட்டம் ஒன்று, கட்டணம் மட்டும் மடங்குக் கணக்கில் வேறுபடும். இரண்டிற்கும் விண்ணப்பியுங்கள்.

நம் முன்னோர் இதற்காகவே கல்விக்கூடங்களை எழுப்பி வைத்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. திருச்சி ஜமால் முகமதுக் கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-இல் தோன்றின. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955. கீழக்கரை தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988. தோல் வணிகத்திலும் கடல் வாணிபத்திலும் ஈட்டிய பொருளை வக்ஃபாகவும் நன்கொடையாகவும் வழங்கிய பெருமக்கள் பள்ளிப்படிப்பு முடித்த ஏழைப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இவற்றை நிறுவினார்கள்.

இட ஒதுக்கீடு பற்றியும் ஒரு சொல். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. "நமக்கு மூன்றரைதானே" என்று சிலர் சலிப்புடன் கூறுவர். அது சரியன்று. நம் பிள்ளை முதலில் பொதுப்பிரிவின் 31 விழுக்காட்டில் போட்டியிடுகிறது. அங்கே இடம் அமையாவிடில்தான் இந்த மூன்றரை. ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இந்த மூன்றரையும் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கொரு சான்று பெற்றுக் கல்விக் கட்டணச் சலுகை அடையலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும் 2021 முதல் பொறியியல் முதலியவற்றிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் வந்தன. இவ்வளவு இருந்தும், நமதூரில் சான்றிதழ் வாங்கச் செல்வது தேர்வு முடிவு வந்த மறுநாள்தான். அந்த நாளில் இ-சேவை மையத்தில் நிற்கவும் இடம் இருக்காது.

சான்றிதழ் என்றதும் பெயர் நினைவுக்கு வருகிறது. முஹம்மது என்ற திருப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டு, ஆதாரில் மற்றொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியலில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாகவும் ஆதாரில் முழுப்பெயராகவும் இருந்ததால், உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாமல் பல மாதம் நின்றது. அகீகா கொடுக்கும் நாளிலேயே ஒரே எழுத்துக்கூட்டை முடிவு செய்து கொள்ளுங்கள் என்று இனி நாம் சொல்லப்போகிறோம்.

இப்போது பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு. நம் பேச்சில் கசப்புத் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைக்கு முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவதைத் தேடுகிறோம். மூன்றாவதற்குக் கடன் வாங்குகிறோம். பெண் பிள்ளைக்கு அருகிலுள்ள ஒரே ஒரு மகளிர் கல்லூரிக்கு, ஒரே ஒரு பாடத்திற்கு மட்டும் விண்ணப்பம் போடுகிறோம். அது கிடைக்காவிட்டால் "மாப்பிள்ளை பார்த்துவிடலாம்" என்கிறோம். நிக்காஹ் என்பது நாயகத்தின் சுன்னத்து. அதை, கல்லூரியில் இடம் கிடைக்காததற்கு மாற்று ஏற்பாடாக ஆக்குவது அந்தச் சுன்னத்துக்குச் செய்யும் கண்ணியமாகுமா? சென்ற ஆண்டு ஒரு பிள்ளை, தன் உம்மாவுடன் வந்து திரைக்கு அப்பாலிருந்து நம்மிடம் கேட்டாள்: "ஹஜ்ரத், தம்பிக்கு ஆறு இடத்துக்குப் போட்டாங்க, எனக்கு ஒண்ணுக்குத்தான் போட்டாங்க. எனக்கும் ரெண்டாவது ஒண்ணு போடச் சொல்றீங்களா?" அந்தக் கேள்விக்கு நம்மிடம் மார்க்க ரீதியான மறுப்பு ஏதும் இருக்கவில்லை. அவள் வாப்பாவுக்கு அன்றிரவே தொலைபேசியில் பேசினோம்.

பாதுகாப்பு, பர்தா, பயணத் தூரம் இவையெல்லாம் உண்மையான கவலைகளே. அவற்றை நாம் எளிதாகக் கருதவில்லை. ஆனால் கவலைக்கு விடை, ஒரே விண்ணப்பத்தோடு நிற்பதன்று. கல்லூரிப் பேருந்து எந்தத் தெருமுனை வரை வருகிறது, மாலையில் எத்தனை மணிக்குத் திரும்பும், விடுதிப் பொறுப்பாளர் யார், நமதூர்ப் பிள்ளைகள் வேறு யார் அங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்தால், செல்லக்கூடிய கல்லூரிகள் இரண்டு மூன்றாவது தென்படும். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பாடாயிற்று. நமதூர்ப் பெண் பிள்ளைகளில் அதைப் பெறத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று நிர்வாகத்தினர் கணக்கெடுத்தால் நலம்.

கல்லூரியில் இடம் கிடைத்தபின்னும் தெரிவு முடிவதில்லை. கலை அறிவியல் படிப்பின் முதல் பருவத்திலேயே பகுதி ஒன்றில் ஒரு மொழியைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழ் எடுக்கலாம், சில கல்லூரிகளில் அரபியோ உருதுவோ எடுக்கலாம். "ஹஜ்ரத் மகிழ்வார்" என்று அரபியை எடுத்துவிட்டு வந்து நம்மிடம் சொல்லும் பிள்ளைகள் உண்டு. மகிழ்ச்சிதான். ஆயினும் மக்தபில் குர்ஆன் ஓதக் கற்றதும், அரபி மொழியை இலக்கணத்தோடு பயில்வதும் ஒன்றல்ல. அங்கே ஸர்ஃபும் நஹ்வும் உண்டு. உரைநடையும் மொழிபெயர்ப்பும் உண்டு. உழைக்க முடியும் என்றால் எடுங்கள். நாமும் மாலையில் சொல்லித் தருகிறோம். எளிதாக மதிப்பெண் கிடைக்கும் என்று மட்டும் எண்ணி எடுக்க வேண்டாம். மேலும், பகுதி ஒன்றில் தமிழ் அல்லாத மொழி எடுத்தவர் பகுதி நான்கில் தமிழ் படிக்க வேண்டும் என்ற விதி பல பல்கலைக்கழகங்களில் உள்ளது. மற்றவர்கள் அந்த இடத்தில் வேறு துறைப் பாடம் ஒன்றை விருப்பமாகத் தெரிவு செய்வர். அதிலும் முதலில் கேட்டது நிரம்பிவிட்டால் வேறெதை எடுப்பது என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டு போகட்டும். காலை முறை, மாலை முறை என இரண்டு நேர வகுப்புகள் நடக்கும் கல்லூரியில், மாலை முறை வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று சேரும் முன்பே கேளுங்கள். ஜும்ஆ நேரத்தோடு மோதினால், பிற சமய ஆசிரியராயினும் பணிவுடன் எடுத்துச் சொன்னால் வழி செய்து கொடுப்பதையே நாம் பெரும்பாலும் கண்டிருக்கிறோம்.

பணம் கட்டுவதிலும் நிதானம் தேவை. ஓரிடத்தில் அவசரப்பட்டு ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டி, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைத்துவிட்டு, நல்ல இடம் வந்தபோது கைகட்டி நிற்கும் குடும்பங்கள் உண்டு. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்தல் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. விலகும் மாணவருக்கு எந்த நாளுக்குள் எவ்வளவு கட்டணம் திருப்பித் தர வேண்டும் என்றும் வரையறுத்தது. நடைமுறையில் இதை மறந்துவிடும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். சான்றிதழ் கொடுக்க நேர்ந்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு ஏவும் மார்க்கம் நம் மார்க்கம்.

இஸ்திகாராவைப் பற்றிக் கேட்டு நேற்று இருவர் வந்தனர். தொழுதோம், கனவு வரவில்லை, என்ன செய்வது என்றனர். ஒரு சூராவைக் கற்பிப்பதைப் போல நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு இஸ்திகாராவைக் கற்பித்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அதில் கனவு பற்றிய பேச்சே இல்லை. இரண்டு ரக்அத் தொழுது, அந்த துஆவை ஓதிவிட்டு, விசாரித்து, முயன்று, காரியத்தில் இறங்க வேண்டியதுதான். அந்த துஆவின் பொருளைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். இக்காரியம் நன்மையென்றால் எனக்கு எளிதாக்கு என்று கேட்பதோடு அது நின்றுவிடவில்லை. தீமையென்றால் இதை என்னை விட்டும் திருப்பிவிட்டு, நன்மை எங்கே இருக்கிறதோ அங்கே எனக்கு அதை விதித்து, அதில் எனக்குத் திருப்தியையும் தா என்று கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டாவது வாயிலும் அந்த துஆவுக்குள்ளேயே திறந்திருக்கிறது. இவ்வளவு காலம் ஓதியும் அதை நாம் உணர்ந்தது, அந்தப் பிள்ளை கடையில் அமர்ந்திருந்த ஆண்டில்தான்.

அவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். அடுத்த ஆண்டு அவன் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலைக் கணிதம் சேர்ந்தான். இந்த முறை பதினோரு இடங்களுக்கு விண்ணப்பம். அவனே உட்கார்ந்து நிரப்பினான். கிடைத்தது நான்காவது விருப்பம். இப்போது முதுநிலை படிக்கிறான். அவன் வீட்டுக்குச் சென்று, தந்தையும் மகனும் இருக்கும்போது, நாம் சொன்னது பிழை என்று கூறி மன்னிப்புக் கேட்டோம். தந்தை நம் கையைப் பற்றிக்கொண்டார். மகன் மட்டும், "இனிமேல் யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள் ஹஜ்ரத்" என்றான்.

ஆகவே அனுப்புகிறோம். நாளை முதல் பத்து நாட்களுக்கு, அஸருக்குப் பின் மஃரிப் வரையிலும், இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரமும், இதே மண்டபத்தில் மூன்று மேசைகள் போடப்படும். ஒன்றில் அந்தத் தம்பியும் அவர் நண்பர்களும் கணினியுடன் இருப்பார்கள். ஒன்றில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் சான்றிதழ்களைப் பார்ப்பார். திரைக்கு அப்பால் உள்ள மேசையில், கல்லூரியில் படிக்கும் நமதூர்ப் பெண் பிள்ளைகள் இருவர், தாய்மார்களுக்கும் மாணவியருக்கும் உதவுவார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, கையில் இருக்கும் தொலைபேசியையும் மறவாமல் கொண்டு வாருங்கள். விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் நம்மிடம் தனியே சொன்னால் போதும். பைத்துல்மாலிலிருந்து நிர்வாகம் செலுத்தும், பெயர் வெளியே வராது. நாமும் இங்கே இருப்போம். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று மட்டும் தயவுசெய்து நம்மிடம் கேட்காதீர்கள். துஆவுக்கு வாருங்கள், அதை மறுக்க மாட்டோம்.